கல்லுக்கு ஒரு சட்டம், ஏட்டுக்கு ஒரு வயது

காரைக்கால் தலத்தெருவில் சிவலோகநாதர் கோயில் இருக்கிறது. இதுபோன்ற பழைய கோயில் எதற்குள் நுழைந்தாலும் கருங்கல் சுவர், ஐம்பொன் திருமேனி, நாகசுரம், திருவிழா எல்லாம் சேர்ந்ததுதான் நமக்குக் கோயில். சட்டமோ ஒவ்வொன்றையும் தனித்தனி வகையாகப் பிரிக்கிறது.

கட்டடத்துக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம். 100 ஆண்டு கடந்த கட்டடத்தைத் தேசிய முக்கியத்துவம் உடையதென்று மத்திய அரசு அறிவித்தால், அது இந்தியத் தொல்லியல் துறையின் காவலுக்குள் வரும். நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அரிக்கமேடும் பாகூர் மூலநாதர் கோயிலும் அப்படிப்பட்டவை. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது; அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும்.

பெயர்த்து எடுத்துப் போகக்கூடிய பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம். சிலைக்கு 100 வயதும், வரலாற்று மதிப்புள்ள சுவடிக்கு 75 வயதும் ஆனால் அவை தொல்பொருள். தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

சரி, ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் வீதிகளில் மாடியிலிருந்து மாம்பழம் வீச, கீழே பக்தர்கள் கையேந்திப் பிடிக்கும் மாங்கனித் திருவிழா எந்த வகை? இந்த இரு சட்டங்களிலும் அதற்கு இடமில்லை.

ஜப்பானில் இடமுண்டு. 1949 ஜனவரி 26 அன்று ஹோர்யூஜி கோயிலின் பழஞ்சுவரோவியங்கள் தீயில் கருகின. அந்த அதிர்ச்சியில் மறு ஆண்டே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. இன்று அதில் ஆறு வகைகள்: பொருள்வடிவச் சொத்து, கலைத்திறன், நாட்டார் வழக்கு, நினைவிடம், பண்பாட்டு நிலக்காட்சி, மரபுக் கட்டடத் தொகுதி. தலைசிறந்த பொருள்களும் கட்டடங்களும் 'தேசியப் பொக்கிஷம்' ஆகின்றன. கைத்திறன் காக்கும் குயவரையும் நெசவாளரையும் மக்கள் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்கிறார்கள்; அரசு ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறது.

வகை பிரிப்பதன் முதல் பயன் பதிவு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் களவுபோன நடராசர், 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார். அவர் அந்தக் கோயிலுக்கு உரியவர் என்று காட்டியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் எடுத்து வைத்திருந்த புகைப்படம்.

உங்கள் ஊர்க் கோயிலின் திருமேனிகளுக்கும் விழாக்களுக்கும் அப்படிப் பதிவு இருக்கிறதா? நிர்வாகத்தினரிடம் கேளுங்கள். இல்லையென்றால், அவர்கள் அனுமதியோடு இந்த ஆண்டே தொடங்குங்கள்.