குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு

பிட்காயின் என்னும் மின்நாணயத்தின் கொடுக்கல் வாங்கல் யாவும், 2009 ஜனவரி 3ஆம் தேதி தொடங்கி இன்றுவரை, ஏறத்தாழப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக் என்னும் தொகுதியாக, ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் ஹாஷ் என்னும் முத்திரை எண்ணைத் தலையில் தாங்க, ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டு வருகின்றன. ஆயினும் ‘இந்த முகவரியின் இருப்பு எவ்வளவு?’ என்று கேட்டால் அச்சங்கிலியிடம் நேரான விடை கிடையாது. தேதிவாரியாகக் குறிப்பேடு எழுதும் வியாபாரி அதை ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவது எதற்காகவோ, அதற்காகவே இதனையும் போஸ்ட்கிரெஸ் போன்ற அட்டவணைத் தரவுத்தளத்தில் பெயர்த்தெழுதுகிறார்கள்.

பிளாக்குக்கு ஒன்று, பரிவர்த்தனைக்கு ஒன்று, அதில் செலவாகும் உள்ளீட்டுக்கும் அதிலிருந்து பிறருக்குச் சேரும் வெளியீட்டுக்கும் ஒவ்வொன்று என நான்கு அட்டவணைகள் போதும் என்று தோன்றும். ஆனால் உள்ளீட்டில் தொகையும் இராது, முகவரியும் இராது. ‘இன்ன பரிவர்த்தனையின் இத்தனையாவது வெளியீடு’ என்ற குறிப்பு மாத்திரமே இருக்கும். பழைய வரியைத் தேடிப் பிடித்தாலன்றிச் செலவானது எவ்வளவென்று தெரியாது. பரிவர்த்தனை எண் ஒருபோதும் இரட்டிக்காது என்று நம்பி அட்டவணைக்கு விதி வகுத்தவருடைய நிரலோ 91,842ஆம் பிளாக்கில் நின்றுவிடும். 91,812இல் வந்த எண்ணே அங்கு மறுபடியும் வருகிறது.

இவையெல்லாம் சில்லறைச் சங்கடங்கள். எழுதியதை அழிக்க நேர்வதே பிரதானமான கஷ்டம். 2013 மார்ச்சில், பிட்காயின் மென்பொருளின் 0.8ஆம் பதிப்பு ஏற்றுக்கொண்ட பெரிய பிளாக் ஒன்றைப் பழைய பதிப்பு, தன் பெர்க்லி தரவுத்தளத்தின் பூட்டு வரம்புக்குள் அடங்காமையால் நிராகரிக்கவே, சங்கிலி இரு கிளையாகப் பிரிந்து, சில மணி நேரத்துக்குப் பின் பலருடைய இசைவால் புதிய கிளை கைவிடப்பட்டது. அக்கிளையின் இருபதுக்கும் மேற்பட்ட பிளாக்குகளை நம்பிப் பிரதி எடுத்தவர்களின் அட்டவணைகளில், நடவாத பரிவர்த்தனைகளும் நடந்தனவாகவே நின்றிருக்கும். ஓரிரு பிளாக்குகள் இவ்விதம் தள்ளுண்டு போவதோ புதிதன்று.

ஆதலால் நல்ல நிரல், புதிய பிளாக்கை எழுதுமுன் அது சுட்டும் முந்தைய ஹாஷைத் தன் கடைசி வரியோடு ஒப்பிடும். பொருந்தாவிடில், இரு கிளைக்கும் பொதுவான பிளாக்வரை பின்வாங்கி, இடைப்பட்ட வரிகளை நீக்கி, பிறகே எழுதும். மின்சாரம் நடுவில் நின்றாலும் அரைகுறை பிளாக் மிஞ்சாதபடி, இவ்வளவும் ஒரே ‘கமிட்’டில் நிறைவேற வேண்டும். இருப்புத் தொகையை முன்கூட்டியே கூட்டி வைத்த அட்டவணைக்கு வரி நீக்கம் போதாது. கூட்டியதைக் கழித்து, செலவானதாகக் குறித்த பழைய வெளியீடுகளின் குறியையும் எடுத்துவிட வேண்டும்.