ஒரே வயலின், இரு வேறு துயரம்

பாட்டின் பொருளை வரிகளில் தேடுவது நம் வழக்கம். மெட்டையும் சேர்த்துக்கொள்வோம். ஆனால் எந்த வாத்தியத்தை எப்படி வாசித்தார்கள், மைக்கை எங்கே வைத்தார்கள் என்பதும் பொருளை மாற்றிவிடும். இதற்குச் சரியான சாட்சி பீட்டில்ஸ் குழுவின் இரண்டு பாடல்கள். இரண்டையும் பாடியவர் பால் மெக்கார்ட்னி. இரண்டுக்கும் தந்தி வாத்தியங்களைக் கோர்த்தவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின்.

1965-இல் வந்த ‘யெஸ்டர்டே’ காதலை இழந்தவனின் பாட்டு. மெக்கார்ட்னி கிடாரோடு தனியாகப் பாடியதன்மேல் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவைச் சேர்த்தார் மார்ட்டின். வில் நீளமாக இழுபடுகிறது. ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இழைகின்றன. துக்க வீட்டில் யாரோ தோளைத் தொட்டதுபோல ஓர் ஆறுதல்.

மறு ஆண்டு வந்தது ‘எலினார் ரிக்பி’. திருமணம் முடிந்த தேவாலயத்தில் சிதறிய அரிசியைப் பொறுக்கும் தனிமைப் பெண், யாரும் கேட்காத பிரசங்கத்தை எழுதும் பாதிரியார். டிரம்ஸ் இல்லை, கிடார் இல்லை. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, குரல்கள், அவ்வளவுதான்.

இங்கும் தந்திகளை இழைய விட்டிருந்தால், கேட்பவர் அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்சம் கண்கலங்கிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார். மார்ட்டின் அதற்கு இடம் தரவில்லை. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மனின் பாணியை மனத்தில் வைத்து, வெட்டி வெட்டி வாசிக்கும்படி எழுதினார்.

மீதியைச் செய்தவர் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக். தந்தி வாத்தியங்களுக்கு மைக்கைத் தள்ளி, உயரத்தில் வைப்பதே அன்றைய வழக்கம். அறையின் எதிரொலியும் கலந்து ஓசை மழமழப்பாகும். எமரிக் மைக்கைத் தந்திக்கு வெகு அருகில் கொண்டுபோனார். சிறு பிசிறும் பதிவாகிவிடும் என்று கலைஞர்கள் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே இருந்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். வில் தந்தியைக் கவ்வும் கரகரப்பு அப்படியே நம் காதில் விழுவது அதனால்தான். அந்தத் தனிமைப் பெண்ணுக்கு இரங்க ஊரில் ஒருவரும் இல்லை என்கிறது பாட்டின் கதை. தந்திகளும் இரங்க மறுக்கின்றன. தமக்கு வழக்கமான வேலையை, அதாவது உருக்குவதை, வயலின்கள் இங்கே செய்யவில்லை. இந்தப் பாட்டின் மேன்மை என நான் கருதுவது அதைத்தான்.

1996-இல் வெளியான ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில் ‘எலினார் ரிக்பி’யின் தந்தி வாத்தியங்கள் மட்டும், குரலில்லாமல் இருக்கின்றன. தந்திகள் சேராத ‘யெஸ்டர்டே’யும் அதிலேயே உண்டு. முதலில் அவற்றையும் பிறகு முழுப் பாடல்களையும் கேட்டுப் பாருங்கள்.