கதவுக்கு வெளியே நிற்கிறவர்



டெல்லியில் நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் கல்யாண அழைப்பிதழ்கள் வந்து குவியும். வடநாட்டு வழக்கப்படி அழைப்பிதழோடு மிட்டாய்ப் பெட்டியும் வரும். மிட்டாயை அன்றைக்கே தின்றுவிடுகிறோம். ஆனால், வாசலில் நின்று "கட்டாயம் வருகிறோம்" என்று சொன்ன நாமே, அந்த இரவு வந்ததும் குளிரையும் நெரிசலையும் எண்ணிப் போர்வைக்குள் நுழைந்துகொள்கிறோம்.

லூக்கா 14-ம் அதிகாரத்தின் விருந்திலும் இதுவே நடந்தது. அக்கால வழக்கத்தில் பெரிய விருந்துக்கு இருமுறை அழைப்பு உண்டு. முதலில் நாளைச் சொல்லி அழைப்பார்கள். பதார்த்தங்கள் ஆயத்தமானபின் ஊழியக்காரன் மறுபடியும் வந்து கூப்பிடுவான். ஆகவே சாக்குச் சொன்ன அந்த மூவரும் அந்நியர் அல்லர். முன்னமே அழைப்பைப் பெற்றிருந்தவர்கள். ஒருவன் நிலத்தைக் காட்டினான். ஒருவன் ஐந்து ஏர்மாடுகளைக் காட்டினான். அதாவது பத்து மாடுகள், அவன் ஏழையல்ல! மூன்றாமவன் புதிதாய் மணம்புரிந்தவன். புதுமாப்பிள்ளைக்கு ஒரு வருஷம் யுத்தத்திலிருந்து விலக்கு உண்டு (உபா. 24:5). விருந்திலிருந்து விலக்கு எந்தப் பிரமாணத்திலும் இல்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த மூவரையும் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஊரில் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவன் நான். உத்தியோக நிமித்தம் டெல்லிக்கு வந்து, முனிர்காவில் ஒரு பர்சாத்தி அறையில் குடியிருந்த முதல் வருஷத்தில், எந்தச் சபைக்கும் போகவில்லை. ஞாயிறு துணி துவைக்கிற நாளாயிற்று. பக்கத்துத் தெருவிலிருந்த ஒரு வயதான விசுவாசி எப்படியோ கேள்விப்பட்டு, இரண்டு வாரம் வந்து அழைத்தார். மூன்றாம் வாரம் அவர் தட்டியபோது, விளக்கை அணைத்துவிட்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரம் நின்றார். பிறகு படியிறங்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தேன். தரையில் சாம்பார் சாதம் நிறைந்த ஒரு தூக்குவாளி இருந்தது.

வெளிப்படுத்தின விசேஷம் 3:20-ஐ நாம் பெரும்பாலும் இரட்சிக்கப்படாதவர்களுக்கான கைப்பிரதிகளில் அச்சிடுகிறோம். அது தவறல்ல. ஆயினும் அந்த நிருபம் போனது ஒரு சபைக்கு. இன்றைய துருக்கி தேசத்திலுள்ள லவோதிக்கேயா செல்வம் மிகுந்த பட்டணம். கி.பி. 60-ல் பூமியதிர்ச்சியால் அது இடிந்தபோது, ரோம அரசின் உதவியின்றித் தன் சொந்தப் பணத்தாலேயே எழும்பிற்று. ஒன்றும் குறைவில்லை என்று சொல்லிக்கொள்ளும் அந்தப் பட்டணத்துச் சபையின் கதவுக்கு வெளியேதான் சபையின் கர்த்தர் நிற்கிறார். உள்ளே வந்து போஜனம்பண்ணுவேன் என்கிறார். மூல பாஷையில் அச்சொல் அவசரமாய் உண்ணும் காலையுணவைக் குறிப்பதல்ல. வேலையெல்லாம் முடிந்து, வீட்டார் நிதானமாய் உட்கார்ந்து பேசிப் புசிக்கும் மாலை விருந்தையே குறிக்கும். கணக்குக் கேட்க அவர் வரவில்லை. நம்மோடு உட்கார வருகிறார்.

இந்த அழைப்புக்கு இணங்கியதால் தன் வீட்டுப் பந்தியையே இழந்தவர் ஒருவர், டெல்லியிலிருந்து இரயிலில் சில மணி நேரப் பயணத்திலுள்ள லூதியானாவுக்கு அருகே வாழ்ந்தார். 1889-ல் ராம்பூர் கிராமத்தில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த சுந்தர் சிங், தாயை இழந்த துக்கத்தில் வேதபுத்தகத்தைத் தீயிலிட்டார். 1904 டிசம்பரில் ஒரு நாள், விடியுமுன் தேவன் தம்மை வெளிப்படுத்தாவிட்டால் இரயில் தண்டவாளத்தில் தலைவைப்பது என்று தீர்மானித்து ஜெபித்தார். அவ்வேளையில் கிறிஸ்துவைக் கண்டதாகச் சாட்சி கூறினார். அதன்பின் அவர் வீட்டாரோடு பந்தியிருக்கவில்லை. உணவு வெளியே வைக்கப்பட்டது. முடிவில் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1905 செப்டம்பர் 3-ல், தம் 16-ம் பிறந்தநாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். பல வருஷங்களுக்குப்பின் அவருடைய தகப்பனாரும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். மூடிய கதவுக்கு வெளியே நிற்பது இன்னதென்று சாது சுந்தர் சிங்குக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திராது.

டெல்லித் தமிழராகிய நமக்கும் இது தூரத்துச் செய்தி அன்று. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் ஓரத்திலிருந்த மதராசி கேம்ப், நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ல் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை எனக் கணக்கிடப்பட்டன. நரேலாவோ நகரின் வட எல்லையில் இருக்கிறது. ஜங்புராவில் வீட்டுவேலை செய்து பிழைத்த சகோதரிகளுக்கு அங்கிருந்து வேலைக்கு வருவதே பாடு. ஞாயிறு ஆராதனைக்கு இரண்டு பேருந்து மாறி வருவது எப்படி? அவர்கள் இருக்கை சில வாரம் காலியாயிருந்தால், பின்வாங்கிவிட்டார்கள் என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். விருந்துக்கு அழைத்த எஜமான் ஊழியக்காரனை வீதிகளுக்கும், பின்பு ஊருக்கு வெளியே வேலியோரங்களுக்கும் அனுப்பினான். விருந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வருகைப் பதிவு எடுக்கும்படி அவனுக்குக் கட்டளையிடவில்லை.

முனிர்காவில் அன்றிரவு அந்தச் சாதத்தை உண்டேன். அழைப்பை மறைந்திருந்து தள்ளிவிடலாம். பிறர் வீட்டுத் தூக்குவாளியை வைத்துக்கொள்ள முடியுமா? அடுத்த ஞாயிறு அதைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வீட்டின் முன்னறையில் பதினைந்துபேர் பாய்விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். விளக்கு அணைந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சற்று நகர்ந்து, பாயில் எனக்கு இடம் விட்டார்.