பன்றி வளர்ப்பில் வழங்கும் சில சொற்கள்

வெண்பன்றி வளர்ப்பைப் புதிதாகத் தொடங்க உத்தேசிக்கும் குடியானவர்களுக்கு முதலில் நேரும் இடையூறு கொட்டிலாலும் தீவனத்தாலும் அன்று, சொற்களால்தான். கிடாரி என்றால் என்ன, சினை என்றால் என்ன என்பதை மாடு வைத்திருப்பவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நிலமுடையோரிற் பெரும்பாலோர் பன்றியை இதுகாறும் வளர்த்தவரல்லர். ஆகவே வியாபாரி கூறும் ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் தலையசைத்து விலை பேசிவிடுகின்றனர். வாங்கியது வேறு என்பது வீடு வந்து சேர்ந்த பிறகே விளங்குகிறது.

'கில்ட்' என்பது ஒருமுறையும் குட்டி ஈனாத இளம் பெண்பன்றி. ஈன்ற பிறகு அதற்கு 'சோ' என்று பெயர். பல ஈற்றுக் கண்டு பண்ணையிலிருந்து கழிக்கப்பட்ட கிழப்பன்றியும் 'சோ'தான் என்பதை வாங்குவோர் நினைவில் வைக்க வேண்டும். மடியைப் பார்த்தால் ஐயம் தீரும். ஈனாததன் காம்புகள் சிறுத்து வயிற்றோடு ஒட்டியிருக்கும். ஈன்றதன் காம்புகள் நீண்டு தொங்கும். எதுவாயினும் இருபுறமும் சேர்த்து 12 காம்புகளுக்குக் குறையாமலும், உள்வாங்கிய குருட்டுக் காம்பு இல்லாமலும் இருக்கவேண்டும். 'போர்' என்பது இனவிருத்திக்குரிய ஆண். 'பாரோ' என்பது இளமையிலேயே விதை நீக்கப்பட்ட ஆண். இறைச்சிக்கன்றி வேறொன்றுக்கும் அது உதவாது. புறா வாங்குவதுபோல் "ஒரு ஜோடி" கேட்டு, ஒரே ஈற்றிற் பிறந்த ஆணையும் பெண்ணையும் வாங்கிவருவோர் உளர். உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் குட்டிகளின் எண்ணிக்கையும் திடமும் குன்றும். ஆணை வேறொரு பண்ணையிலிருந்து வாங்குவதே முறை.

'வீனர்' என்ற சொல்லில்தான் மோசம் அதிகம். பால் மறந்த குட்டி என்பது அதன் பொருள். நம் பக்கத்துப் பண்ணைகளில் 6 முதல் 8 வாரத்திற்குள் குட்டிகளைத் தாயினின்று பிரிப்பது வழக்கம். ஆனால் அன்று காலையிற் பிரித்து அன்று மாலையே விற்ற குட்டியைப் பால் மறந்ததென்று கூறலாகாது. அது புதிய இடத்தில் தீவனத்தைத் தொடாது. கழிச்சல் கண்டு மெலியும். ஆகையால் பிரித்து எத்தனை நாள் ஆயிற்று, என்ன தீவனம் தின்கிறது என்ற இரண்டையும் கேட்டறிந்து, அதே தீவனத்தில் சில நாளைக்குரியதைக் கையோடு வாங்கிவருதல் நன்று.

சினைக்காலம் 114 நாட்கள். அதாவது 3 மாதம், 3 வாரம், 3 நாள் என்று மனத்திற் கொள்ளலாம். ஜனவரி 1-ந் தேதி சேர்த்த பன்றி ஏப்ரல் 25-ந் தேதியை ஒட்டி ஈனும். சேர்த்த தேதியைச் சுவரிலாவது எழுதிவைக்க வேண்டும். 21-ம் நாள் மறுபடி பருவத்திற்கு வருகிறதா என்று பார்க்கவேண்டும். முதுகைக் கையால் அழுத்தும்போது அசையாமல் நின்றால் அது பருவத்தின் அடையாளம். சினை நிற்கவில்லை என்று கொள்க.

ஈன்றவுடன் சுரக்கும் சீம்பால் மாட்டுக்காரர் அறிந்ததே. எனினும் மாட்டின் சீம்பாலைக் கறந்து அடுப்பிலேற்றும் பழக்கம் இங்கே செல்லாது. நோயெதிர்ப்புச் சத்து பன்றிக்குட்டிக்குக் கருவிற் கிடைப்பதில்லை. முதல் நாட் சீம்பாலிலிருந்துதான் கிடைக்கிறது. ஒரு நாள் கடந்தபின் குடல் அதனை ஏற்பதில்லை. இதனோடு சேர்ந்தது 'இரும்பு ஊசி'. பிறவியில் உள்ள இரும்புச்சத்து சில நாளைக்கே போதும். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. வெளியில் திரியும் நாட்டுப் பன்றியின் குட்டி மண்ணைக் கிளறி அதனைப் பெற்றுக்கொள்ளும். சிமெண்ட் தரையிற் பிறந்ததற்கு அவ்வழி இல்லை. செலவு செய்து நல்ல தரை போட்டவரே இவ்வூசியை மறந்து, வெளுத்து மடியும் குட்டிகளைக் கண்டு காரணம் தேடுவது வேடிக்கை. பிறந்த 3 அல்லது 4-ம் நாளில் கால்நடை மருத்துவரைக் கொண்டு போட்டுவிடவேண்டும்.

'தீவன மாற்று விகிதம்' என்பது 1 கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் செலவாயிற்று என்ற கணக்கு. 20 கிலோக் குட்டி 90 கிலோ ஆவதற்கு 70 கிலோ ஏறவேண்டும். விகிதம் 3 ஆனால் 210 கிலோ தீவனம். 4 ஆனால் 280 கிலோ. லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் இந்த 70 கிலோவில் அடங்கும். ஓட்டல் எச்சிற் சோற்றை இக்கணக்கில் அப்படியே சேர்க்கலாகாது. அதில் முக்காற் பங்கு தண்ணீர். விற்கும்போது 'உயிர் எடை'க்கு விலையா, 'இறைச்சி எடை'க்கு விலையா என்பதை முன்னரே பேசிக்கொள்க. 90 கிலோப் பன்றியில் இறைச்சி எடை சுமார் 65 கிலோவே.

இனி, கிராம அதிகாரிகளும் ஊன்றிக் கவனிக்கவேண்டிய சொல் ஒன்றுண்டு. 'பன்றிக் காய்ச்சல்' என்ற ஒரே பெயர் மூன்று நோய்களுக்கு வழங்குகிறது. 2009-ல் பத்திரிகைகள் அப்பெயரிட்டு எழுதியது மனிதரிடம் பரவிய இன்ஃபுளூயன்ஸாச் சுரம். பன்றியிறைச்சி உண்பதால் அது வருவதில்லை. இரண்டாவது, பன்றிகளுக்கு நெடுங்காலமாக உள்ள கிளாஸிகல் காய்ச்சல்; இதற்குத் தடுப்பூசி உண்டு. மூன்றாவது, 2020-ல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாக இந்நாட்டிற் காணப்பட்ட ஆப்பிரிக்கக் காய்ச்சல். 2023 ஜனவரியில் நீலகிரி முதுமலைக் காட்டில் காட்டுப்பன்றிகளும் இதனால் மடிந்தன. மனிதருக்கு இது தொற்றாது. பன்றிகளையோ கூட்டங்கூட்டமாகக் கொல்லும். கிளாஸிகல் காய்ச்சலுக்குரிய ஊசி இதனைத் தடுக்காது. "பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று" என்று கவலையற்றிருந்தோர் கொட்டிலைக் காலியாகக் கண்டதற்கு இப்பெயர்க் குழப்பமும் ஒரு காரணம். கடும் சுரம், இரை எடாமை, காதிலும் வயிற்றிலும் சிவப்பு ஆகியவை இரண்டு நோய்க்கும் பொது. பரிசோதனைச் சாலையிலன்றிப் பிரித்தறிய இயலாது. எச்சில் தீவனத்தை அரைமணி நேரம் கொதிக்கவைத்தே இடவேண்டும் என்பதும், வியாபாரியைக் கொட்டிலுக்குள் விடலாகாது என்பதும் இது பற்றியே.

2009-ம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இவ்விரு பன்றி நோய்களும் உள்ளன. சந்தேகம் தோன்றியவுடன் சொந்தக்காரர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்திற்கோ தெரிவித்து, நோய் கண்டவற்றைத் தனியே பிரித்து வைக்கவேண்டும். அதிகாரி அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். அக்கடிதத்தில் 'பன்றிக் காய்ச்சல்' என்று மட்டும் எழுதாமல், எத்தனை பன்றி, எந்தத் தேதியில், என்ன குறியோடு இறந்தன, அண்மையில் புதிய பன்றி வந்ததா, தீவனம் எங்கிருந்து வந்தது என்பனவற்றை எழுதினால் மருத்துவர் அன்றே ஆவன செய்ய ஏதுவாகும். அதுவரை இறந்தவற்றை விற்கவோ ஓடையில் எறியவோ எவரையும் அனுமதிக்கலாகாது.