ஆடு தின்னாததை நாம் தின்னலாமா?

போன ஆடி மாதம். சாரல் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. பாளையங்கோட்டையில் என் வைத்தியசாலைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

"டாக்டரய்யா, இருமலுக்குன்னு காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர் கஷாயம் குடிக்கேன். ஒன்றரை வருசமா ஒருநாள் விட்டதில்ல. இப்ப கொஞ்ச நாளா உடம்பு அசதியா இருக்கு."

அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் சொன்னா எங்க கேக்காவ? நீங்களாவது என்ன இலைன்னு பாருங்கய்யா!"

பையைக் கவிழ்த்தேன். ஆடாதோடை என்றால் மாவிலை போல நீளமாக இருக்க வேண்டும். இதுவோ சாம்பல் பூத்த பச்சையில், அவரை விதை மாதிரி வளைந்த சின்ன இலை. கூடவே வெடித்த காய் ஒன்று, தலைகீழாகத் தொங்கும் குட்டிக் கூடை போல! சந்தேகமே இல்லை. ஆடுதின்னாப்பாளை.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இருமலுக்கு 'ஆடு தொடாத இலை' நல்லது என்றிருக்கிறார். அவர் சொன்னது ஆடாதோடை. இவர் ஊர்க்காட்டில் உள்ள சொந்தக்காரரிடம் 'ஆடு திங்காத இலை' பறித்துத் தரச் சொல்லியிருக்கிறார். அவரும் கரிசல் காட்டில் கிடந்ததைப் பறித்து அனுப்பிவிட்டார். ஒரு சொல் மாறியது, மூலிகையே மாறிவிட்டது!

உடனே சிறுநீரும் ரத்தமும் பரிசோதிக்கச் சொன்னேன். கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல். இந்த இலைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரையும் இருக்கிறது. ஆனால் அன்றே கஷாயத்தை நிறுத்தச் சொல்லி, சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன்.

"மூலிகைதானே... என்ன செஞ்சிரும்?" என்று போகும்போது கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். பதில் இருப்பது நம் உடம்பின் செல்லுக்குள்ளே!

ஏட்டைப் பெயர்த்து எழுதும் வேலை

நம் சித்த மருத்துவம் ஓலைச்சுவடியில் வாழ்ந்த மருத்துவம். ஓலைக்கு ஆயுள் குறைவு. பழையது மக்குவதற்குள் புது ஓலையில் பார்த்து எழுதிவிட வேண்டும். அப்படித் தலைமுறை தலைமுறையாக எழுதியதால்தான் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

உங்கள் உடம்பிலும் ஒரு சுவடி இருக்கிறது. அதன் பெயர் டி.என்.ஏ. அதில் உள்ள எழுத்துகள் நாலே நாலுதான்: ஏ, டி, ஜி, சி. இரண்டு இழைகளாக முறுக்கிய கயிறு போல இருக்கும். ஒரு இழையில் ஏ இருந்தால் எதிர் இழையில் டி. ஜி இருந்தால் சி. இந்த ஜோடி மாறாது.

ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 600 கோடி ஜோடி எழுத்துகள்! ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் இத்தனையையும் பார்த்து எழுதியாக வேண்டும். எழுதுபவர் பாலிமரேஸ் என்னும் நொதி.

எவ்வளவு சுத்தமாக எழுதுவார் தெரியுமா? லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை விடுவார் என்று வைத்துக்கொள்வோம். 600 கோடிக்கு 60,000 பிழை வந்துவிடும். ஆனால் அவருக்கு ஒரு நல்ல பழக்கம். தவறாக எழுதினால் அங்கேயே நின்று, அழித்து, திருத்திவிடுவார். அதில் பிழை கோடிக்கு ஒன்றாகக் குறைகிறது. அதாவது 600. பின்னாலேயே இன்னொரு கூட்டம் சிவப்பு மையோடு வருகிறது, வாத்தியார் நோட்டுத் திருத்துவது போல. அவர்களும் பார்த்து முடித்தபின் மிஞ்சுவது 600 கோடிக்கு ஐந்தாறு பிழை, சில நேரம் அதைவிடவும் குறைவு. எந்தப் பத்திரிகை ஆபீசிலாவது இப்படிப் பிழை திருத்துகிறார்களா, சொல்லுங்கள்!

ஓலை செல்லரித்திருந்தால்?

இதுவரை சொன்னது, மூல ஓலை நன்றாக இருக்கும்போது நடப்பது. ஓலையே செல்லரித்திருந்தால்?

வெயில், புகையிலை, பூஞ்சை பிடித்த நிலக்கடலை, சில ரசாயனங்கள்... எல்லாம் டி.என்.ஏ.வை அரிக்கும் கறையான்கள். பெரும்பாலான சேதத்தைச் செல்லே சரிசெய்துவிடும். கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து நிரப்பிவிடும். இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டு சொன்னதற்காக 2015ல் தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஜீஸ் சாங்கர் ஆகிய மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் பழுது பார்க்கும் முன்பே நகல் எடுக்கும் நேரம் வந்துவிட்டால்? நம் சுத்தக்கார பாலிமரேஸ் சேதமான எழுத்தைக் கண்டதும் நின்றுவிடுவார். அவருக்குத் தெரிந்த நாலு எழுத்தில் இது எதுவும் இல்லையே! அவர் அப்படியே நின்றுவிட்டால் இழை அறுந்து, செல்லே செத்துப்போகலாம்.

அப்போதுதான் செல் வேறு ஆட்களை அழைக்கிறது. இவர்களும் பாலிமரேஸ்தான். ஆனால் ரகம் வேறு. கண்டிப்பு குறைவு, திருத்தும் பழக்கம் இல்லை. நல்ல ஓலையைக் கொடுத்தால் நூற்றுக்கோ ஆயிரத்துக்கோ ஒரு பிழை விடுகிறவர்களும் இவர்களில் உண்டு. சேதமான இடத்தைத் தாண்டிப் போகத் தெரியும் என்பதுதான் இவர்கள் சிறப்பு. ஓர் எழுத்தை உத்தேசமாக எழுதிவிட்டு, பேனாவைப் பழைய ஆளிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வார்கள்.

பிழை விட்டாவது செல் பிழைத்துக்கொள்கிறது. பிழை, பிழைப்பு இரண்டும் தமிழில் ஒரே வேரில் வரும் சொற்கள் என்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

வெயிலைச் சமாளிப்பவர்

இந்த உத்தேசக்காரர்களில் ஒருவர் 'ஈட்டா' பாலிமரேஸ். நம் தாமிரபரணிக் கரையில் காலை முதல் மாலை வரை வயலில் நாற்று நடும் பெண்களை நினைத்துப் பாருங்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், தோல் செல்லில் அடுத்தடுத்து உள்ள இரண்டு டி எழுத்துகளை ஒட்டிவிடும். ஈட்டா வந்தால், எதிரே இரண்டு ஏ எழுத்துகளைச் சரியாக வைத்துவிட்டுப் போய்விடுவார். இந்தச் சேதத்தில் மட்டும் அவர் உத்தேசம் தவறுவது அபூர்வம்.

பிறவியிலேயே இந்த நொதி இல்லாத சிலர் உண்டு. அவர்கள் உடலில் வேறொருவர் வந்து தப்பும் தவறுமாக எழுதுவார். அவர்களுக்கு வெயில் பட்ட இடத்தில் தோல் புற்று எளிதில் வரும். காரணம் இந்த நொதி இல்லாததுதான் என்பதை 1999ல் ஜப்பானில் ஹனவோகா குழுவினரும், அமெரிக்காவில் சத்ய பிரகாஷ், லூயிஸ் பிரகாஷ் குழுவினரும் கண்டார்கள்.

ஆக, உத்தேசக்காரர் சரியாக எழுதுவாரா என்பது சேதம் எது என்பதைப் பொறுத்தது. வெயிலுக்குச் சரி. ஆடுதின்னாப்பாளைக்கு?

கைநழுவும் இடம்

ஆடுதின்னாப்பாளை, ஈச்சுரமூலி (தலைச்சுருளி, பெருமருந்து என்றும் சொல்வார்கள்) இரண்டும் அரிஸ்டோலோக்கியா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இந்த இனத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்று ஒரு பொருள் உண்டு. உடம்புக்குள் போனதும் அது மாறி, முக்கியமாகச் சிறுநீரகத்தில், டி.என்.ஏ.வின் ஏ எழுத்தோடு பசை போல ஒட்டிக்கொள்ளும்.

இங்கே இரண்டு கஷ்டம். ஒன்று, பழுது பார்க்கும் கூட்டத்தின் கண்ணில் இந்தச் சேதம் சரியாகப் படுவதில்லை. அதனால் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். இரண்டு, உத்தேசக்காரர் இதைத் தாண்டும்போது எதிரே டி வைப்பதற்குப் பதில் பல முறை ஏ வைத்துவிடுகிறார். அடுத்த நகலில் அந்த ஏ-க்கு எதிரே டி வந்து உட்காரும். ஏ இருந்த இடத்தில் டி! புற்றைத் தடுக்கும் மரபணுவில் இந்த மாற்றம் நேர்ந்தால் வினைதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 1993ல் பெல்ஜியம் நாட்டு பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் பழுதானது தெரிய வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். மருந்தில் சேர்க்க வேண்டியது 'ஃபாங் ஜி' என்ற சீன மூலிகை. சேர்ந்துவிட்டது 'குவாங் ஃபாங் ஜி'. அது அரிஸ்டோலோக்கியா! நம் வாத்தியார் வீட்டில் நடந்த அதே பெயர்க் குழப்பம். பிறகு, சிறுநீரகத்தை எடுத்துவிடச் சம்மதித்த 39 பேரைச் சோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று இருந்தது 2000ல் வெளியானது.

ஐரோப்பாவில் தன்யூப் ஆற்றின் கிளை நதிகளை ஒட்டிய சில கிராமங்களிலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பல காலம் இருந்தது. கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டோலோக்கியாவின் விதை மாவோடு அரைபட்டு ரொட்டியில் சேர்ந்ததுதான் காரணம் என்பது பின்னால் தெளிவானது. தைவானில் சிறுநீர்ப் பாதைப் புற்றுகளை ஆராய்ந்தவர்கள் 2013ல் அந்த ஏ-டி மாற்றத்தை ஏராளமாகக் கண்டார்கள். குற்றவாளி விட்டுச் சென்ற கைரேகை மாதிரி!

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இந்த இனத் தாவரம் சேர்ந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று 2002ல் அறிவித்தது.

நானும் கொடுத்திருக்கிறேன்

ஒளிக்க வேண்டியதில்லை. பெல்ஜியத்தில் இது வெளிப்பட்ட காலத்தில் நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மாணவன். பூச்சிக்கும் கரப்பானுக்கும் ஆடுதின்னாப்பாளை என்று படித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் எழுதியும் கொடுத்தேன். விவரம் தெரிந்தபின் நிறுத்திவிட்டேன். அன்று வாங்கிப் போனவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று நினைக்காத நாள் குறைவு.

முன்னோர்கள் இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சாப்பிட்ட உடனே வரும் வாந்தி, பேதி, மயக்கத்தை அவர்கள் கூர்ந்து பார்த்துத்தான் எழுதினார்கள். பத்து, இருபது வருடம் கழித்து வரும் புற்றை, முன்பு குடித்த ஒரு கஷாயத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க அன்று வழியில்லை. இன்று வழி இருக்கிறது. தெரிந்ததைச் சேர்த்துக்கொள்வது மரபுக்குத் துரோகம் ஆகாது. சுவடியைப் பார்த்து எழுதியவர்களும் பிழை கண்டால் திருத்தித்தானே எழுதினார்கள்?

"சுத்தி செய்தால் விஷம் போய்விடாதா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. குறையலாம். முழுக்கப் போகும் என்று நம்ப இடமில்லை. அந்த ஆற்றங்கரை மக்கள் சாப்பிட்டது அடுப்பில் சுட்ட ரொட்டிதானே!

இதை வைத்து மூலிகை எல்லாமே ஆபத்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெண்புள்ளிக்கு நாம் கொடுக்கும் கார்போகரிசியைப் பாருங்கள். அதில் உள்ள சோராலென் என்ற பொருள், வெயில் பட்டதும் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் பிணைத்துவிடும். அதுவும் சேதம்தான். ஆனால் அதே குணத்தை அளவோடு பயன்படுத்தித்தான் அலோபதியிலும் சோராலெனும் புற ஊதாக் கதிருமாக வைத்தியம் செய்கிறார்கள். அளவு மீறினால் தோல் வெந்து கொப்புளம் வரும். நாள்பட நீடித்தால் தோல் புற்றுக்கும் இடமுண்டு. எனவே வைத்தியர் கண்காணிப்பு இல்லாமல் கார்போகரிசியைத் தொடவே தொடாதீர்கள்.

இதைக் கவனியுங்கள்

* ஆடுதின்னாப்பாளை, ஈச்சுரமூலி இரண்டையும் கஷாயமாகவோ, சூரணமாகவோ உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். குழந்தைகளுக்குப் பூச்சி மருந்தாகவும் வேண்டாம்.

* பாம்புக் கடிக்கு ஈச்சுரமூலி அரைத்துக்கொண்டிருக்காதீர்கள். விஷமுறிவு ஊசி போட உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். நெல்லைக்காரர்களுக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது.

* இருமலுக்கு ஆடாதோடை என்றால், செடியை நேரில் தெரிந்தவரிடம் வாங்குங்கள். அது வேலியோரம் ஆளுயரம் வளரும் புதர். தரையில் படரும் கொடி அல்ல.

* நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல், முழு இலையாகவோ வேராகவோ வாங்கி வைத்தியரிடம் காட்டுங்கள். பொடித்துவிட்டால் எது எது என்று யாருக்குத் தெரியும்?

* முன்பு நீண்ட நாள் சாப்பிட்டவரா? பயப்பட வேண்டாம். சாப்பிட்ட எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் கிரியாட்டினினும் சிறுநீரும் பரிசோதித்து, மருத்துவரிடம் விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

* புகையிலை போடுபவர்களே, உங்களுக்கும்தான். வாயில் அடக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துச் செல்களில் ஓலை அரிக்கிறது. உத்தேசக்காரருக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் கைநழுவும்.

நம் வாத்தியார் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறார். கிரியாட்டினின் மேலே ஏறவில்லை. இருமலுக்கு நிஜ ஆடாதோடையே கொடுத்தேன். சென்ற வாரம் வந்தபோது மனைவியின் கையில் ஒரு சின்னத் தொட்டி.

"இனிமே யாருகிட்டயும் கேக்க வேண்டாம் பாருங்க. ஆடாதோடைக் கன்று, வீட்டு வாசல்லயே வைக்கப் போறோம்" என்றார் அந்த அம்மா. "இதுதானான்னு நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லிருங்கய்யா!"

பார்த்தேன். இந்த முறை சரியான இலைதான்.