பத்துப் பேர் பசி, நாலே துண்டு சாப்பாடு: ‘வாக்கிங் டெட்’ 2-வது எபிசோடைப் பற்றி ஏன் இன்னும் சண்டை?

கையில் நாலே நாலு பொருள்தான். பாதி ஆப்பிள், சீஸ் பிஸ்கட் பாக்கெட் இரண்டு, காய்ந்த இறைச்சித் துண்டு ஒன்று. உங்களையும் சேர்த்துப் பத்துப் பேர் பசியோடு இருக்கிறார்கள். யாருக்குக் கொடுப்பீங்க?

ஸோம்பி கேம் என்றதும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் நினைவுக்கு வரும். ‘தி வாக்கிங் டெட்’ கேமின் 2-வது எபிசோடோ இந்தச் சோற்றுக் கணக்கை நம்மிடம் நீட்டுகிறது. வெளிவந்து பல வருடங்கள் ஆகியும் விளையாடியவர்களிடம் இதைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஏன்? (கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே வருகின்றன. இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

என்ன கேம் இது?

ராபர்ட் கிர்க்மேனின் காமிக்ஸ் உலகத்தை வைத்து அமெரிக்காவின் டெல்டேல் நிறுவனம் 2012-ல் வெளியிட்டது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஐந்து எபிசோடுகள், டிவி தொடர் மாதிரி ஒவ்வொன்றாக வந்தன. கம்ப்யூட்டர், கன்சோல், பிறகு ஐபோன், ஆண்ட்ராய்டு என எல்லாவற்றிலும் ஓடியது.

நீங்கள் லீ என்ற மனிதர். கிளமென்டைன் என்ற சிறுமியைக் காப்பாற்றி வளர்ப்பது உங்கள் பொறுப்பு. பேச்சு வரும்போது திரையில் சில பதில்கள் தோன்றும், நேரம் கரைந்துகொண்டே இருக்கும். பதில் சொல்லாமல் விட்டால் அந்த மௌனமும் ஒரு பதில்தான். ‘இதை இவர் நினைவில் வைத்திருப்பார்’ என்று ஓரத்தில் ஒரு வரி வந்து போகும். எபிசோட் முடிந்ததும், முக்கியமான ஐந்து முடிவுகளில் மற்ற பிளேயர்கள் எத்தனை சதவீதம் பேர் உங்களைப் போலவே செய்தார்கள் என்று காட்டுவார்கள். ‘அட, நாம மட்டும்தான் இப்படியா?’ என்ற கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கும்.

சாப்பாட்டுப் பங்கில் என்ன தகராறு?

ஸோம்பிகள் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒரு பழைய மோட்டலில் கூட்டம் தங்கியிருக்கிறது. தினமும் பங்கு போட்டுப் பங்கு போட்டு எல்லாரிடமும் கெட்ட பேர் வாங்கிய லில்லி, ‘இன்னைக்கு நீயே பண்ணு’ என்று பொருட்களை லீ கையில் கொடுத்துவிடுகிறார்.

பிளேயர்கள் இங்கே நாலு கட்சியாகப் பிரிகிறார்கள். குழந்தைகளுக்குத்தான் முதலில் என்பது ஒரு கட்சி. வேலியைச் சரிபார்ப்பவன், வேட்டைக்குப் போகிறவன் விழுந்துவிட்டால் எல்லாரும் காலி, அதனால் உழைக்கிறவனுக்கு முதலில் என்பது இன்னொன்று. லில்லியின் அப்பா லாரி எப்போதும் சண்டைக்கு நிற்கிற ஆள், அவர் வாயை அடைத்தால் ஊர் அமைதியாகும் என்று கணக்குப் போடுபவர்கள் மூன்றாவது. ‘நான் நல்லா இருந்தாத்தானே மத்தவங்களைக் காப்பாத்த முடியும்’ என்று லீயே சாப்பிடுவது நாலாவது.

நாலிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கட்சி எதுவானாலும் ஆறு பேர் வெறுங்கையோடு நிற்பார்கள், அவர்கள் முகத்தையும் நீங்கள் பார்த்தாக வேண்டும்.

கரிசல் காட்டுக்கு இது புதுசா?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி அவ்வளவு அந்நியமாக இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் போடுகிற மானாவாரி பூமி இது. மழை தவறினால் வீட்டில் யார் முதலில் சாப்பிடுவது, யார் ‘எனக்குப் பசிக்கல’ என்று சொல்வது என்பதெல்லாம் கேம் டிசைனர் கண்டுபிடித்த கேள்விகள் இல்லை.

1876-78-ல் சென்னை மாகாணத்தை வாட்டிய ‘தாது வருஷப் பஞ்சம்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது அரசாங்கமே லீயின் இடத்தில் நின்றது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-ல் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுகிற உடம்புக்கு அது பத்தாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். அதே வருடம் கூலி உயர்த்தப்பட்டது. மொத்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்துப்போனார்கள்.

இன்று ரேஷன் கடையில் கார்டுக்கு இவ்வளவு என்று விதி இருக்கிறது. கடைக்காரருக்கு உங்களைப் பிடிக்குமா, பிடிக்காதா என்பது கணக்கில் வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி. லீயிடம் அப்படி எந்த விதியும் இல்லை. யார் மேல் பாசம், யார் மேல் கடுப்பு என்பதே பங்கைத் தீர்மானிக்கிறது. பிளேயர்களைத் தொந்தரவு செய்வது இதுதான்.

குளிர் அறையில் நடந்தது சரியா?

எபிசோடின் பெரிய விவாதம் இது. பெட்ரோல் கொடுத்தால் சாப்பாடு தருகிறோம் என்று ஒரு மாட்டுப்பண்ணைக் குடும்பம் கூப்பிடுகிறது. அவர்கள் பரிமாறுவது மனிதக் கறி என்று தெரியவரும்போது லீயின் கூட்டம் இறைச்சி அறைக்குள் அடைக்கப்படுகிறது. அங்கே லாரிக்கு நெஞ்சுவலி வந்து விழுகிறார்.

கடி பட்டால்தான் என்றில்லை, எப்படிச் செத்தாலும் ஸோம்பியாக எழுந்துவிடுவார்கள் என்பது இதற்குச் சற்று முன்புதான் தெரிந்திருக்கும். அதனால் தலையை நசுக்கிவிடலாம் என்கிறார் கென்னி. மகள் லில்லியோ நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கப் போராடுகிறார். நீங்கள் யார் பக்கம்? முந்தைய எபிசோடில் உங்களை அடித்து வீழ்த்தி ஸோம்பிகளிடம் விட்டுவிட்டுப் போகப் பார்த்தவர் இதே லாரி. நாம் எடுப்பது பாதுகாப்பான முடிவா, பழிவாங்கலா என்று நமக்கே பிடிபடாது. எந்தப் பக்கம் நின்றாலும் மாடு நக்க வைக்கும் பெரிய உப்புக்கட்டியை கென்னி லாரியின் தலையில் போட்டுவிடுகிறார்.

‘என்ன செஞ்சாலும் ஒண்ணுதானே?’

இந்த கேம் மீதான முக்கியமான புகார் இது, அதில் உண்மையும் உண்டு. முதல் எபிசோடில் கார்லி, டக் இருவரில் நீங்கள் யாரைக் காப்பாற்றினாலும் 3-வது எபிசோடில் அவர் லில்லியின் துப்பாக்கிக்குப் பலியாவார். லாரியும் பிழைப்பதில்லை. அப்புறம் எதற்கு சாய்ஸ்?

மாறுவது உங்களோடு இருப்பவர்களின் மனசு. 4-வது எபிசோடின் முடிவில் கிளமென்டைன் காணாமல்போகும்போது, ‘நானும் வர்றேன்’ என்று கென்னி கிளம்புவாரா என்பது அதுவரை நீங்கள் அவரிடம் நடந்துகொண்டதைப் பொறுத்தது. லாரி விஷயத்தில் யார் பக்கம் நின்றீர்கள் என்பதும் அதில் அடக்கம்.

பண்ணையிலிருந்து தப்பி வரும் வழியில் ஆளில்லாத கார் ஒன்று நிற்கிறது, உள்ளே நிறையச் சாப்பாடு. ‘இது யாரோடதாவது இருந்தா?’ என்று கேட்பது கிளமென்டைன் மட்டும்தான். லீ கை வைக்காவிட்டாலும் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கடைசி எபிசோடில் அந்தக் காரின் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்து கணக்குக் கேட்கிறார். பொருள் பறிபோனதால் அவர் குடும்பமே அழிந்திருக்கும். ‘நான் எடுக்கல’ என்று சொல்ல முடிகிறவருக்கும் முடியாதவருக்கும் அந்த ஐந்து நிமிடம் ஒன்றாக இருக்காது.

‘கதை மாறலையே’ என்ற புகாருக்கு இதைத்தான் பதிலாகச் சொல்லலாம். பஞ்சத்தை யாராலும் தனியாக நிறுத்திவிட முடியாது. பஞ்ச காலத்தில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைப் பக்கத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள், முக்கியமாகக் குழந்தைகள்.

சரி, பாதி ஆப்பிள் உங்கள் கையில் இருந்தால் யாருக்கு?