நடைபவனிக்கு முன் செய்யவேண்டியவை

சகோதரிகளே, நிதிக்கான நடைபவனி என்றதும் பதாகையும் தொப்பியுந்தான் நம் நினைவுக்கு வரும். பணம் வருவதோ அனுசரணைத் தாளில். கிலோமீற்றருக்கு 10 ரூபா தருவதாக ஒருவர் முன்கூட்டியே கையொப்பமிட்டால், நீங்கள் 8 கிலோமீற்றர் நடந்ததும் அவர் 80 ரூபா தரவேண்டும்.

சிறு தொகைதானே என்று நினைக்காதீர்கள். 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவேயும் தொடங்கிய நடைபயணம், தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் கடந்தது. வழிநெடுக மக்களும் சேர்ந்து நடந்தார்கள். அந்த நிதியில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. போரில் எல்லாம் இழந்த பெண்ணொருத்தி சிகிச்சைக்காக மகரகமவரை போய்வருவதென்றால் சும்மாவா? 2016இல் வடக்கிலிருந்து தெற்கே நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்கும் நிதி திரட்டினார்கள்.

நமது வலப்பனையில் மார்கழி, தை மாதங்கள் வேண்டாம். 2007 ஜனவரி மண்சரிவை மறக்க முடியுமா? தோட்டத்தில் சம்பளம் போட்டபின் வரும் ஞாயிறு நல்லது. கூடையோடு மலையேறும் கால்களுக்கு நடைப்பயிற்சி சொல்லித்தரத் தேவையில்லை. புதுச்செருப்பு மட்டும் வேண்டாம், கொப்புளம் போடும். பொலிசுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

ஒப்புக்கொண்ட பணத்தை ஒரு வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். நாள் போனால் வராது. இருவர் எண்ணி, பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டு, சங்கக் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். தேநீருக்குச் செலவான தொகையையும் சேர்த்துத்தான்.